றோசலினின் ஐந்தாம் ஆண்டு நினைவஞ்சலி

பேர்னாட்டுக்கு மண்டை கழன்றுவிட்டது என்று செட்டிபாளையத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அது கழன்று வருடக்கணக்கு ஆகிவிட்டது. பழைய சேதியை யார் சொல்லிக்கொண்டு திரிவது. ஆனாலும், யுத்தம் முடிந்த அந்த 2009ஆம் ஆண்டு நவம்பரில், செத்தவர்களின் பேரைச் சொல்லி அழுவதென்றாலும் வேலிக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டே சனம் அழுத காலத்தில், மனுஷன் தன்னுடைய பெட்டைக்குதிரைக்கு நினைவஞ்சலிப் பிரசுரம் அடித்து மட்டக்களப்பு வரைக்கும் மதிலுக்கு மதில் ஒட்டப்போகிறேன் என்று சொன்னால், பெண்சாதிக்கு எப்படி இருக்கும். பீற்றிஸ் கையிலிருந்த அகப்பையோடு குசினியிலிருந்து வெளியே வந்தாள்.

“குதிரைக்கு,” என்றாள்.

“றோசலினுக்கு,” என்றார் பேர்னாட்.

“மனிசருக்கே ஒரு மெழுகுதிரி கொளுத்த ஏலாமக் கிடக்கு. நீங்க குதிரைக்கு நோட்டீஸ் ஒட்டப் போறீங்க.”

“அவள் சுனாமியில செத்தவள். சுனாமியில செத்த ஆக்களுக்கு அழலாம். அதுக்குத் தடையில்ல.”

அவர் சொன்னது சரிதான், அதுதான் கரைச்சல். கடல் கொண்டுபோனவர்களுக்கு அரசாங்கமே வருடா வருடம் மாலை போட்டு இரண்டு நிமிடம் எழும்பி நின்றது. யுத்தம் கொண்டுபோனவர்களைப் பற்றி யாரும் மூச்சு விடக்கூடாது. அந்த நியாயத்தின்படி பார்த்தால் றோசலின் அதிர்ஷ்டக்காரி.

பீற்றிஸின் கைப்பையில் மகன் ஜசிந்தனின் படம் ஒன்று இருந்தது. மே மாதம் வன்னியில் சண்டை ஓய்ந்தபோது அவன் மற்றவர்களோடு கையைத் தூக்கிக்கொண்டு ஆமியிடம் வந்து, பேர் பதிந்து, ஒரு பஸ்ஸில் ஏறியதை அயலூர்ப் பெண் ஒருத்தி கண்ணால் கண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. பஸ் எங்கே போனது என்று கேட்டுப் பீற்றிஸ் நிற்காத வாசல் இல்லை. எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்: அப்படி ஒரு பேரே இல்லை. செத்துவிட்டான் என்று சொன்னாலாவது, பிறந்து வளர்ந்து இருந்தான் என்று ஆகும். இவர்கள் அடியோடு இல்லை என்றார்கள். அவளுக்கு வேண்டியது இப்போதைக்கு ஒன்றுதான். அதிகாரத்தில் இருக்கிற ஒருவன், எவனாவது ஒருவன், ஜசிந்தன் என்று ஒரு மனிதன் இருக்கிறான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெற்ற தகப்பனோ மே மாதத்திலிருந்து அந்தப் பேரை வாயில் எடுக்கவில்லை. ஆமி முகாம் வாசலுக்கு அவள் போகும்போதெல்லாம் கூடவே போவார், வெயிலில் நிற்பார், அவள் கேட்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் றோசலின் புராணம் தொடங்கிவிடும். பீற்றிஸுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

பேர்னாட் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். ஊரில் அவருக்கு ஊசி மாஸ்டர் என்றுதான் பேர். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் எந்தப் பசு எந்தக் காளைக்குப் பிறந்தது, அதன் பாட்டி யார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி; சொந்த மச்சினிச்சியின் பேர்தான் சில நேரம் மறந்துபோகும். ஜசிந்தன் பிறக்க இருந்த அன்று பீற்றிஸை உழவு மெசின் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ரோட்டில் குழி இல்லாத இடமே இல்லை. பாதி வழியிலேயே பிள்ளை வைக்கோலுக்குள் விழுந்துவிட்டான். பேர்னாட் அன்றைக்கே முடிவெடுத்தார்: குலுங்காத வாகனம் ஒன்று இந்த மாவட்டத்துக்குத் தேவை. மற்றவர்கள் என்றால் ரோட்டைத் திருத்தச் சொல்லிக் கேட்டிருப்பார்கள். அவர் குதிரையை யோசித்தார்.

பத்து வருடம் யோசித்து, ஒருநாள் மலைநாட்டுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போய், கடைசியாக வந்த குதிரையை வாங்கிக்கொண்டு திரும்பினார். மற்றக் குதிரைகளில் இருந்தவர்களெல்லாம் எம்பி எம்பி விழுந்துகொண்டு போக, இதில் இருந்தவன் தொப்பி அசையாமல் வந்தானாம். அவள்தான் றோசலின். அவளுக்கு ஓடத் தெரியாது. நாலு காலையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்து ஒரு நடை நடப்பாள்; எந்த நேரமும் ஒரு கால் நிலத்தில் நிற்கும்; சைக்கிளை முந்திக்கொண்டு போவாள், முதுகு மட்டும் அசையாது. சொந்தக்காரன் அவளை விற்றதோடு, லொறியில் ஏற்றவும் சந்தோஷமாகக் கைகொடுத்தான்.

சோதனை பிளேன்ரீ சோதனை. ஜசிந்தன் அவள் முதுகில் ஏறி, விளிம்பு முட்டப் பாலில்லாத் தேத்தண்ணீர் ஊற்றிய பிளேன்ரீக் கிளாசை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கோயில் சந்தியிலிருந்து வாவிக்கரை வரை போவான். ஒரு சொட்டுச் சிந்தாது. கரையில் நின்று அதைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவான். பேர்னாட் உடனே கேற்றில் பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்: ‘மட்டக்களப்பு மாவட்டக் குலுங்காக் குதிரை விருத்தித் திட்டம்.’ திட்டத்தில் அப்போது இருந்தது ஒரு பெட்டைக்குதிரையும் ஒரு பலகையும்.

கடுவன் ஒன்று வேண்டுமே. அது படுவான்கரையில், வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமத்தில், கந்தப்போடியிடம் இருந்தது. கந்தப்போடி வட்டை வட்டையாக வயல் வைத்திருக்கிற போடியார். கல்முனைப் பக்கம் சர்க்கஸ் ஒன்று கடனில் படுத்தபோது, கூடாரத்தை வேறு யாரோ எடுக்க, இவர் குதிரையை எடுத்திருந்தார். பேர் மாணிக்கம். அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. வெடிச்சத்தம் கேட்டால் நாலு காலையும் நீட்டிச் செத்ததுபோல் விழுந்துவிடும். வெடிச்சத்தத்துக்குக் குறைவில்லாத ஊரில் அந்தக் குதிரை ஒரு முழு நாள் நின்றதே பெரிய காரியம்.

றோசலினைப் பழுகாமத்துக்குக் கொண்டுபோய் விடலாம் என்று பேர்னாட் கேட்டார். மாடென்றால் அப்படித்தான். கந்தப்போடிக்கு அது பிடிக்கவில்லை.

“எங்கட பக்கம் மாப்பிள்ளைதானே பொம்பிளை வீட்டுக்குப் போற. பொம்பிளையக் கூட்டி வந்து ஆம்பிளை வீட்டில விடுற பழக்கம் எங்கயாவது இருக்கா, சம்பந்தி?”

“இது குதிரை, போடியார்.”

“குதிரை எண்டா வழக்கத்த விட்டுருறதா?”

அப்படியே ஆயிற்று. ஒரு நல்ல நாளில் மாணிக்கம் கழுத்தில் மாலையோடு, ஒரு தட்டம் வெற்றிலை, இரண்டு குலை வாழைப்பழம், ஒரு மூடை புது நெல் சகிதம் வாவியைக் கடந்து பெண் வீட்டில் வாழ வந்தது. ஆளையும் வண்டியையும் அக்கரைப்படுத்துகிற, பாதை என்கிற மிதவையில்தான் கொண்டுவந்தார்கள். நடு வாவியில் எங்கோ ஒரு வெடி கேட்க, மாப்பிள்ளை பொத்தென்று விழுந்தது; பாதை ஒரு பக்கம் சரிந்து வாழைக்குலை இரண்டும் தண்ணீரோடு போயின. பிள்ளைகள் யாருக்கு என்ற பேச்சும் அன்றைக்கே முடிந்தது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி என்றார் கந்தப்போடி. ஆக, குட்டிகள் பேர்னாட்டின் பக்கம். பேர்னாட் ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரர், ஆகையால் குட்டிகளும் வேதம்.

குட்டிகள் இரண்டு. மூத்தவன் எட்வேட். தாயின் நடை ஒரு துளிகூட இல்லை. ஏறியவர்களுக்கு இடுப்பு முறிந்தது. அவனைக் காத்தான்குடியில் கலியாணச் சோடனை வாடகைக்கு விடுகிற உசனார் கொண்டுபோனார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரை நின்று நின்றுதானே போக வேண்டும், அதற்கு எட்வேட் நல்ல தோது. இளையவள் மல்லிகா. அவளுக்குத் தண்ணீரைக் கண்டால் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் அவள் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருந்தாள்.

திட்டம் தோற்றுவிட்டது என்று பேர்னாட் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் பேற்றில் நடை கட்டாயம் இறங்கும் என்றார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 25, நத்தாருக்கு றோசலின் நிறைசினை. பீற்றிஸ் அவளுக்குக் கேக் ஒரு துண்டு கொடுத்தாள். அதை அவள் பிறகு எவரிடமும் சொன்னதில்லை. நாரி பிடித்து இடுப்பை அசைக்க ஏலாமல் படுக்கையில் கிடந்த காலத்தில் பீற்றிஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது றோசலின்தான். போகிற வழியில் அவள் முதுகிலேயே நித்திரையாகிவிட்டாள். பீற்றிஸுக்கும் அந்தச் சீவனில் உயிர். புருஷன் மாதிரி பலகை எழுதிப் போடவில்லை, அவ்வளவுதான்.

நத்தாருக்கு அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. கடற்கரையில் குதிரைகளை நடத்திக்கொண்டிருந்த ஜசிந்தன் தண்ணீர் நிமிர்ந்து வருவதைக் கண்டு கயிறுகளை அவிழ்த்துவிட்டு, றோசலினின் பின்பக்கத்தில் ஓங்கி அறைந்து, ஓடு ஓடு என்று கத்தினான். மல்லிகா தண்ணீரைக் கண்டு உட்காராமல் அன்றைக்கு ஒருநாள் ஓடினாள். மாணிக்கம் அந்தச் சத்தத்துக்கு வழக்கம்போல் செத்து விழுந்தது. கடல் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மெத்தென்று வைத்துவிட்டுப் போனது. றோசலின் நடந்தாள். தென்னை மரத்தில் தொங்கிக்கொண்டு ஜசிந்தன் எல்லாவற்றையும் பார்த்தான். பின்னால் அவ்வளவு தண்ணீர் வருகிறது, அவள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, வயிற்றுப் பிள்ளையோடு, ஒன்றன்பின் ஒன்றாகக் காலை எடுத்து வைத்து அதே நடை நடந்துகொண்டு வந்தாளாம். முதுகில் பிளேன்ரீ வைத்திருந்தால் சிந்தியிருக்காது என்று மகன் சொல்லி அழுதான். தகப்பனும் அழுதார். மூன்றாம் நாள் வாவிக்கரைச் சதுப்பில் நிற்கிற கண்ணா மரங்களுக்குள் கிடந்தாள். அவளுக்குத் தனிக் குழி வேண்டும் என்று, மனிதர்களைப் புதைக்கவே இடமில்லாத நேரத்தில், பேர்னாட் மண் வெட்டுகிறவர்களிடம் போய்க் கேட்டு ஏச்சு வாங்கினார். பிறகு தானே வெட்டினார்.

வேலியும் போய்க் கொட்டிலும் போனது. பெண்சாதி செத்தால் மாப்பிள்ளை தாய்வீட்டுக்குத் திரும்புவதுதானே வழமை என்று கந்தப்போடி வந்து மாணிக்கத்தைக் கூட்டிக்கொண்டு போனார், மல்லிகாவையும் சேர்த்து. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பேர்னாட் மகனையும் கூட அனுப்பினார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். படுவான்கரை அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது. ஜசிந்தனை இயக்கம் பிடித்துக்கொண்டு போன செய்தி கந்தப்போடியின் வாயால் வந்தபோது பீற்றிஸ் அடுப்படியில் இருந்தாள். குதிரையைப் பார்க்கத்தானே பிள்ளையை அனுப்பினீங்க என்று அவள் அன்றைக்குக் கேட்டாள். பேர்னாட் மறுமொழி சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில்தான் நினைவஞ்சலி. போகாமல் விடுவதா என்று யோசித்தாள் பீற்றிஸ். ஆனால் நோட்டீசில் யார் யார் பேரைப் போடுவாரோ, என்னத்தைப் போட்டுத் தொலைப்பாரோ என்று பயந்து அவளும் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறினாள்.

அச்சகத்தில் கொம்பியூட்டருக்கு முன்னால் யசோதினி இருந்தாள். பத்து வருடமாக மரண அறிவித்தல் அடிக்கிற பிள்ளை. எதற்கும் முகம் மாறாது. பேர்னாட் கொண்டுவந்த படத்தை வாங்கிப் பார்த்தாள். வீட்டிலிருந்த றோசலினின் படங்களையெல்லாம் கடல் கொண்டுபோக, கந்தப்போடி வீட்டில் தப்பிய ஒரே படம் அது. றோசலின் நிற்கிறாள், முதுகில் கிளாசும் கையுமாக ஜசிந்தன்.

“ரெண்டு பேருக்குமா அங்கிள்?”

“குதிரைக்கு மட்டும்,” என்றாள் பீற்றிஸ். “அவன்ட படத்த அஞ்சலியில போட்டா ஊரே அவனைச் சாவாக்கிப்போடும். வெட்டி விடுங்க, மகள்.”

யசோதினி வெட்டினாள். முழுக்க வெட்டினால் றோசலினின் காதும் போகிறது. கடைசியில், பிளேன்ரீக் கிளாசைப் பிடித்த ஒரு கை மட்டும் குதிரையின் கழுத்துக்கு மேலே மிஞ்சியது. அது கிடக்கட்டும் என்றார் பேர்னாட்.

பிறகு வாசகம். பேர்னாட் சொல்லச் சொல்ல யசோதினி அடித்தாள். அன்னார் மாணிக்கத்தின் அன்புத் துணைவியும், எட்வேட், மல்லிகா ஆகியோரின் பாசமிகு தாயாரும், பழுகாமம் கந்தப்போடியின் மருமகளும், பேர்னாட் பீற்றிஸ் தம்பதியினரின் அன்பு மகளும்...

“நான் குதிரை பெறல்ல,” என்றாள் பீற்றிஸ்.

வளர்ப்பு மகளும் என்று மாற்றப்பட்டது. காத்தான்குடி உசனாரை எந்த உறவில் போடுவது என்று கொஞ்ச நேரம் இழுபட்டு, எட்வேட்டின் பாதுகாவலர் என்று முடிந்தது.

“இதில ஆர் ஆருக்குக் காலஞ்சென்ற போடணும்?” என்று கேட்டாள் யசோதினி.

“மாணிக்கத்துக்கு.” 2007இல் படுவான்கரையில் செல் விழுந்தபோது மாணிக்கம் வழக்கம்போல் விழுந்தது. எழும்பும் எழும்பும் என்று கந்தப்போடி வீட்டார் இரண்டு நாள் காத்திருந்தார்கள்.

“அவ்வளவும்தானா?”

பேர்னாட் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அன்புச் சகோதரியும் எண்டு ஒண்டு இருக்கு,” என்றார். “அதுக்கு முன்னால ஒரு பேர்.”

“என்ன பேர்?”

அவர் சொல்லவில்லை. பீற்றிஸ்தான் சொன்னாள். ஜசிந்தன். எழுத்து எழுத்தாகச் சொன்னாள். யசோதினியின் விரல் ஒரு கணம் நின்றது. அந்தப் பிள்ளைக்கு எல்லா வீட்டுக் கதையும் தெரியும்.

“அவருக்குக் காலஞ்சென்ற...”

“போடாதீங்க,” என்றாள் பீற்றிஸ். “அவன் இருக்கான். வளத்த குதிரைக்குத் துக்கப்படுறான். இருக்கிறவன்தானே துக்கப்படுவான்.”

நினைவஞ்சலி என்றால் இப்போது முகாமில் காட்டிச் சீல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த அச்சகமும் அடிக்காது என்று யசோதினி சொன்னாள். நோட்டீசில் காலஞ்சென்றவர் தவிர எத்தனை பேரின் பேர் இருக்கிறதோ அத்தனை பேரும் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். செத்தவர்கள் வைக்கத் தேவையில்லை, அந்த அளவுக்கு விளங்கித்தான் சட்டம் போட்டிருந்தார்கள்.

கந்தப்போடி கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தார்; மல்லிகாவுக்கும் அவரே வைத்தார். உசனார் தனக்கு ஒன்று, எட்வேட்டுக்கு ஒன்று என்று இரண்டு ஒப்பம் போட்டார். எட்வேட்டின் குளம்பையே மையில் முக்கி வைத்துவிடலாமே என்று பேர்னாட் கேட்டதற்குப் பீற்றிஸ் ஒரு பார்வை பார்த்தாள். எல்லாருக்கும் ஆகி, ஜசிந்தனின் பேருக்கு நேரே மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

முகாம் வாசல் பீற்றிஸுக்குப் புதிதல்ல. எத்தனையோ தரம் வந்து, வெளியிலேயே வைத்து இல்லை என்று அனுப்பிய வாசல். இன்றைக்கும் காவலில் நின்றவன் கையை ஆட்டினான். பேர்னாட் றோசலினின் படத்தைக் காட்டினார். அவன் மற்றவனைக் கூப்பிட்டான். மற்றவன் உள்ளே ஓடினான். கொஞ்ச நேரத்தில் தடை தூக்கி அவர்களை உள்ளே விட்டு, விசிறிக்குக் கீழே இருத்தி, இரண்டு பிளேன்ரீயும் கொண்டுவந்து வைத்தார்கள். மகனுக்காக வந்தபோது ஒரு வாய் தண்ணீர் தந்தவர் இல்லை. பீற்றிஸ் அந்தக் கிளாசைத் தொடவில்லை.

அதிகாரி இளம் ஆள், நல்ல முகம். மொழிபெயர்க்க முஹம்மட் என்ற பொலிஸ்காரர் நின்றார். அவர் உள்ளூர், ஊசி மாஸ்டரை அவருக்கு நன்றாகத் தெரியும், அவர் வீட்டுப் பசுவுக்கே இவர்தான் ஊசி போட்டவர். அதிகாரி பேனையை எடுத்து ஒவ்வொரு பேராகத் தொட்டார்.

“றோசலின்?”

“குதிரை, சேர். சுனாமியில மோசம் போயிட்டா.”

“மாணிக்கம்?”

“அதுவும் குதிரை. மோசம் போயிட்டார்.”

“எப்பிடி?”

“செல் விழுந்து.”

முஹம்மட் அதைக் காய்ச்சல் என்று மொழிபெயர்த்தார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்ததைத் தொட்டார். எட்வேட் குதிரை. மல்லிகா குதிரை. உசனாரும் குதிரையா என்று கேட்டதற்கு, இல்லை, அவர் மனிதர், எட்வேட்டை வைத்திருக்கிறார் என்று விளக்க வேண்டியிருந்தது. எட்வேட்டில் மாப்பிள்ளைமார் ஏறி ஊர்வலம் போவார்கள் என்று கேட்டதும் அதிகாரி சிரித்தார். வருகிற சித்திரையில் தனக்கும் கலியாணம் என்று சொன்னார். உசனாரின் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். கந்தப்போடி மனிதர். எல்லாம் சரி. அதிகாரி மேசை லாச்சியைத் திறந்து சீலை எடுத்து, மையில் ஒருமுறை ஒற்றினார். ஒற்றிக்கொண்டே கடைசிப் பேருக்கு வந்தார்.

“ஜசிந்தன்?”

பீற்றிஸின் கை கைப்பைக்குள் இருந்த படத்துக்குப் போனது.

“றோசலினின் சகோதரன்,” என்று தாளை வாசித்துக் காட்டினார் முஹம்மட்.

அதிகாரிக்கு அதில் சந்தேகமே வரவில்லை. குதிரையின் சகோதரன் வேறு என்னவாக இருப்பான். “இதுவும் குதிரைதானே?” என்று கேட்டார். கேட்டபோதே சீலைத் தூக்கிவிட்டார்.

முஹம்மட் குனிந்து மேசையில் கிடந்த தாளைச் சரிப்படுத்துவதுபோல் பாவனை செய்தார். “ஓம் எண்டு சொல்லுங்க மாஸ்டர்,” என்றார் மெதுவாக. “குதிரை எண்டு சொன்னா அடிச்சுக் குடுத்துருவார். ஒரு கரைச்சலுமில்லாம வீட்ட போயிரலாம்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். பீற்றிஸ் புருஷனைப் பார்த்தாள். அவருடைய அஞ்சலிக்கு இனி வேண்டியது இந்த ஒரு சீல்தான். தலையை ஆட்டினால் போதும், வாயைத் திறக்கவும் தேவையில்லை. ஆட்டிவிடுவார் என்றே அவள் நினைத்தாள். ஆட்டினால் இந்த மனுஷனோடு இனி ஒரு கூரைக்குக் கீழே இருப்பதில்லை என்றும் நினைத்தாள்.

பேர்னாட் எழும்பி நின்றார். முஹம்மட்டைப் பார்க்காமல், உத்தியோக காலத்தில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில், அதிகாரியைப் பார்த்துத் தானே சொன்னார்.

“மகே புத்தா.” என்ட மகன். பிறகு தமிழில் சொன்னார். “ஜசிந்தன். குதிரையில்ல, சேர். மனிசன். ஜசிந்தன் எண்டு பேர். பேர்னாட் ஜசிந்தன்.”

சொல்லத் தொடங்கியவருக்கு நிறுத்த முடியவில்லை. பேரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார். பீற்றிஸ் அவருடைய சட்டைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருக்க வைத்தாள். இவ்வளவு நாளும் இந்த மனுஷன் இதை எங்கே வைத்திருந்தார் என்று நினைத்தாள்.

அதிகாரி சீலை மெதுவாகக் கீழே வைத்தார். தாளை மறுபடி பார்த்தார். சட்டம் தெரிந்த ஆள், வெறுமையாகக் கிடந்த இடம் உடனே கண்ணில் பட்டுவிட்டது. சிங்களத்தில் என்னவோ சொன்னார்.

“இவர்ர கையெழுத்து எங்கயாம்,” என்றார் முஹம்மட். “உயிரோட இருக்கிற ஆள் எண்டா கையெழுத்து இருக்கணுமாம். செத்த ஆள் எண்டா காலஞ்சென்ற எண்டு போடணுமாம். ரெண்டில ஒண்டு இல்லாம ஏலாதாம்.”

“உயிரோட இருக்கான்,” என்றாள் பீற்றிஸ்.

“அப்ப ஏன் வந்து வைக்கல்ல எண்டு கேக்கிறார். ஆள் இப்ப எங்க எண்டு கேக்கிறார்.”

அந்தக் கேள்வியைப் பீற்றிஸ் எத்தனையோ மேசைக்கு இந்தப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். முதல் தடவையாக அது மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது, அதுவும் அவன் பேரைத் தொட்டுக்கொண்டு. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“மே மாசம் உங்கட ஆக்கள்தான் பேர் பதிஞ்சு பஸ்ஸில ஏத்தினது,” என்றாள். “கூட்டிக்கொண்டு வாங்க. கையெழுத்து வைப்பான். வடிவாத் தமிழில வைப்பான். நாங்க இருக்கிறம்.”

முஹம்மட் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே சிங்களத்தில் சொன்னார்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதிகாரி யாரையும் பார்க்காமல் சீலை லாச்சிக்குள் வைத்து மூடினார். இன்றைக்கு நேரமாகிவிட்டது, பிறகு வரச் சொல்லுங்கள் என்பதுபோல் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

“போகட்டாம், அக்கா,” என்றார் முஹம்மட்.

“விளங்கினது,” என்றாள் பீற்றிஸ். எழும்பவில்லை.

பேர்னாட் தன் கதிரையை இழுத்து அவளுடைய கதிரையோடு சேர்த்துப் போட்டு உட்கார்ந்தார்.